சாந்தில் பார்த்த பொற்காசு

நாணய வரலாற்றிலும் ஒளிப்பட வரலாற்றிலும் 1839ஆம் ஆண்டுக்குத் தனி இடம் உண்டு. அந்த ஆண்டு பாரிசில் லூயி தாகேரின் படமெடுக்கும் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. செப்புத் தகட்டில் வெள்ளி பூசி, முகம் தெரியுமளவுக்கு மெருகேற்றி, அதன்மேல் உருவத்தை விழவைக்கும் முறை அது. தகட்டைக் கையில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால்தான் படம் தெரியும். நேராகப் பிடித்தால் பார்ப்பவரின் மூக்குதான் தெரியும். அதே ஆண்டைப் பொறித்துக்கொண்டு லண்டன் ராயல் மின்ட்டிலிருந்து ஐந்து பவுண்டு பொற்காசு ஒன்றும் வந்தது. வில்லியம் வயன் செதுக்கிய அதன் பின்பக்கத்தில் இளம் விக்டோரியா அரசி ஒரு சிங்கத்தை நடத்திச் செல்கிறார். கடைவீதிக்குப் போவதற்காக அடித்த காசல்ல அது. மெருகிட்ட அச்சுகளைக் கொண்டு, மெருகிட்ட வில்லையில், சேகரிப்பாளர்களுக்கென்றே அடித்த ‘புரூஃப்’ காசு. அதையும் சாய்த்துச் சாய்த்துத்தான் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்காக ஒன்று பிறந்தவை என்றே தோன்றும். ஆனால் அடுத்த நூறாண்டுக்கு, காசுகளை ஆராய்ந்தவர்கள் காசைக் கேமரா முன் வைப்பதைப் பெரும்பாலும் தவிர்த்தார்கள். காசை அழுத்தி எடுத்த வெள்ளைச் சாந்து வார்ப்பை வைத்தார்கள். இதைத் தொழில்நுட்ப வரலாற்றின் சில்லறை விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. காசில் எது ஆராயத்தக்கது, எது கண்ணை மயக்குவது என்ற தீர்ப்பு அந்தத் தவிர்ப்புக்குள் இருந்தது. நாணயவியல் இன்றைய உருவத்தை எடுத்தது பளபளப்பைக் கழித்துப் பார்த்ததால்தான் என்பதும், பளபளப்பை மறுபடி படத்துக்குள் அழைத்து வந்ததில் பெரும்பங்கு சந்தைக்கு உண்டு என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம்.

பளபளக்கும் காசைப் படமெடுப்பதில் உள்ள சங்கடத்தை முதலில் சொல்லிவிடலாம். சாந்து, தாள், மரம் போன்ற மங்கலான பரப்பில் விழும் ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறும். எங்கிருந்து பார்த்தாலும் பரப்பு கண்ணுக்குப் படும். மெருகிட்ட உலோகத்தில் விழும் ஒளியோ, விழுந்த கோணத்திலேயே மறுபக்கம் தெறித்து ஓடிவிடும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் ஒளி லென்சை எட்டாமல் எதிர்ப்புறம் போய்விடும். காசின் தளம் கறுத்துக் கிடக்கும். விளக்கை லென்சுக்கு அருகே கொண்டுவந்தால் ஒரு வெள்ளைத் திட்டு பூத்து அரசரின் கன்னத்தை விழுங்கும். நேர் மேலிருந்து எடுத்தால் கேமராவின் முகமே காசுக்குள் கறுப்பு வட்டமாகத் தெரியும். கண்ணாடித் தளத்துக்குச் சொந்தமாக ஒரு தோற்றம் கிடையாது. கட்டைவிரல் அகலப் பரப்பில் நாம் பார்ப்பது அறையின் சன்னலையும் படமெடுப்பவரின் சட்டையையும்தான். இதோடு கண் செய்யும் குறும்பு ஒன்றும் சேர்கிறது. ஒளி மேலிருந்து வருகிறது என்றே கண் எப்போதும் நம்புகிறது. கீழிருந்து ஒளியடித்த படத்தில் புடைப்பு பள்ளமாகவும் பள்ளம் புடைப்பாகவும் தலைகீழாகிவிடும். டேவிட் புரூஸ்டர் 1832இலேயே இந்த மயக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். காசுப் படங்களுக்கு ஒளி மேலிருந்து, பெரும்பாலும் மேல் இடப்புறத்திலிருந்து, வரவேண்டும் என்ற வழக்கம் நிலைத்ததற்கு இதுவே காரணம்.

இந்தச் சங்கடத்தை நன்றாக உணர்ந்திருக்கக்கூடிய ஒருவர் பிலடெல்பியாவில் இருந்தார். அமெரிக்க நாணயச்சாலையின் கருவி வல்லுநர் ஜோசப் சாக்ஸ்டன். தாகேரின் முறை பற்றிய செய்தி கடல்கடந்து வந்த சூட்டோடு, அதே 1839இல், நாணயச்சாலைச் சன்னல் வழியே தெரிந்த பள்ளிக் கட்டடத்தையும் ஆயுதசாலையையும் அவர் படம்பிடித்தார். அமெரிக்காவில் எடுக்கப்பட்டு இன்றும் எஞ்சியிருக்கும் ஒளிப்படங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று அது. சுற்றிலும் காசு, கையில் கேமரா. ஆனால் 1842இல் அந்த நாணயச்சாலையின் பரிசோதகர்கள் எக்ஃபெல்ட், டுபாய் இருவரும் உலக நாடுகளின் தங்க, வெள்ளி நாணயங்கள் பற்றிய கையேட்டை வெளியிட்டபோது, அதன் படங்கள் சாக்ஸ்டனின் மேற்பார்வையில் கோடிழுக்கும் எந்திரத்தால் செய்யப்பட்டன. எந்திரத்தின் ஊசி புடைப்பின்மேல் வரிவரியாக ஊர்ந்து செல்லும். ஊசி ஏறி இறங்குவதற்கேற்ப மறுமுனையில் தகட்டில் விழும் கோடு நெருங்கியும் விலகியும் வளையும். கோடுகளின் நெருக்கத்திலிருந்து கண் முகத்தைப் படித்துக்கொள்ளும். பாரிசில் அஷீல் கோலாஸ் இதே வகை எந்திரத்தைக் கொண்டு 1834 முதல் பதக்கங்களையும் காசுகளையும் பெரும் தொகுதிகளாக அச்சிட்டு வந்தார். ஊசிக்குக் கண் கிடையாது. மேடு பள்ளத்தை மட்டும் தடவும், மினுக்கைக் காணாது. தாகேரின் தகட்டைப் புத்தகத்தில் அச்சிட வழியில்லையே, சாக்ஸ்டன் வேறென்ன செய்திருப்பார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், அந்த ஓர் எடுத்துக்காட்டோடு வாதத்தை நிறுத்தினால் அது நிற்காது. படியெடுக்கக்கூடிய நெகடிவும் அதை அச்சேற்றும் முறைகளும் வந்த பிறகு நடந்தது என்ன என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நெகடிவ் முறையைக் கண்ட ஹென்றி ஃபாக்ஸ் டால்பாட் 1844இல் ஒளிப்படங்கள் ஒட்டிய நூல் ஒன்றைத் தவணைகளாக வெளியிடத் தொடங்கினார். அதிலுள்ள 24 படங்களில் இரண்டு, பேட்ரோக்ளஸ் என்ற கிரேக்க வீரனின் மார்பளவுச் சிலை. கல் அல்ல, சாந்து வார்ப்பு. வெள்ளையாக இருக்கும், அசையாது, ஒளியைச் சிதறடிக்கும், எத்தனை நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கும். ஆரம்பகாலக் கேமராவுக்கு அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது. காசைப் பொறுத்தவரை நிறமும் எதிரியாக இருந்தது. அக்காலக் கண்ணாடித் தகடுகளுக்கு நீல ஒளிதான் தெரியும். மஞ்சளும் சிவப்பும் ஏறக்குறையத் தெரியாது. பொற்காசு புகைபிடித்தது போலவும் செப்புக்காசு கரி போலவும் விழும். ஹெர்மன் ஃபோகல் 1873இல் சாயம் சேர்த்துத் தகட்டின் பார்வையை விரிக்கும் வழியைக் கண்டபின்பும், எல்லா நிறமும் உணரும் தகடுகள் கடைக்கு வர 20ஆம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. சாந்தில் எடுத்துவிட்டால் பொன், வெள்ளி, செம்பு மூன்றும் ஒரே வெள்ளை.

வேலை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். மென்மையான மெழுகிலோ பிசையும் களிமண்ணிலோ காசின் ஒரு பக்கத்தை அழுத்த வேண்டும். ஒட்டாமலிருக்க முன்பே மெல்லிய பொடி தூவிக்கொள்வது உண்டு. காசை நேராகத் தூக்கிவிட்டு, அந்தக் குழியில் தண்ணீராகக் கரைத்த பிளாஸ்டரை ஊற்றித் தட்ட வேண்டும், காற்றுக் குமிழி வெளியேறும்வரை. ஒரு குமிழி தங்கிவிட்டாலும் போச்சு, சக்கரவர்த்தியின் மூக்கில் அம்மைத் தழும்பு. இறுகியதும் எடுத்து, விளிம்பைச் சீவி, பின்புறம் பென்சிலால் எண் குறித்து, அட்டையில் வரிசையாக ஒட்டுவார்கள்: மேல் வரியில் தலை, கீழ் வரியில் பூ. சாய்வாக ஓர் ஒளி, ஒரே தகடு, ஒரு பக்கத்துக்கு இருபது முப்பது காசு. பிரிட்டிஷ் மியூசியம் தன் கிரேக்க நாணயப் பட்டியல் வரிசையை 1873இல் தொடங்கியபோது மரச்செதுக்குப் படங்களையே நம்பியது. செதுக்குபவரின் ரசனைக்கேற்ப அப்பல்லோவின் உதடு விக்டோரியா காலத்துப் பெண்ணின் உதடாகிவிடும் அபாயம் அதில் இருந்தது. 1878இல் பெர்சி கார்ட்னர் எழுதிய செலூசிட் மன்னர்கள் தொகுதியில் ஒளிப்பட அச்சுப் பலகைகள் வந்தன. கரிப்பொடியும் ஜெலட்டினும் கலந்து அச்சிடும் ஆட்டோடைப், பின்னர் கொலோடைப் என்ற முறைகளில் புள்ளி கிடையாது. உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தாலும் சாந்தின் மேடுபள்ளம் தொடர்ச்சியாகத் தெரியும். இன்றைய பத்திரிகை அச்சில் அந்த நயம் இல்லை என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இந்த வெள்ளை வார்ப்புகள் செய்த பெரிய காரியம் அச்சொப்பீடு. பழங்காலத்தில் காசு அடிக்க இரண்டு அச்சுகள் வேண்டும். ஒன்று பட்டடையில் பதித்த கீழச்சு. மற்றது கையில் பிடித்துச் சம்மட்டியால் அடிக்கும் மேலச்சு. அடியை நேரே வாங்கும் மேலச்சு பொதுவாகச் சீக்கிரம் தேயும், உடையும்; கீழச்சு நீடிக்கும். எனவே ஒரே கீழச்சோடு பல மேலச்சுகள் சேரும், பிறகு கடைசி மேலச்சோடு புதிய கீழச்சு ஒன்று சேரும். இப்படிச் சங்கிலி வளையங்களாகக் கோத்துக்கொண்டே போனால், ஆண்டு எதுவும் பொறிக்காத காசுகளைக்கூட அடித்த வரிசையில் அடுக்கலாம். அச்சில் விழுந்த விரிசல் எந்தக் காசில் மயிரிழையாகவும் எதில் தடித்தும் தெரிகிறது என்று பார்த்தால் சங்கிலி எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதும் விளங்கும். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரைச் சேர்ந்த ஃபிரீட்ரிக் இம்ஹோஃப்-புளூமர் வாழ்நாள் முழுக்க ஐரோப்பாவின் காசு அறைகளிலிருந்து வார்ப்புகளைச் சேர்த்தார். அகர்னானியா என்ற மேற்குக் கிரேக்கப் பகுதியின் காசுகளைப் பற்றி அவர் 1878இல் வெளியிட்ட நூல் இம்முறையின் முன்னோடிகளில் ஒன்று. ஒரே அச்சில் பிறந்த இரு காசுகளில் ஒன்று கறுத்துப்போயிருக்கும், இன்னொன்றை யாரோ புளி போட்டுத் தேய்த்தது போல் மின்னும். கண்ணுக்கு அவை அந்நியர்கள். சாந்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் காதோரச் சுருளின் மூன்றாவது வளைவு ஒன்றுதான் என்பது தெரிந்துவிடும். கிரேக்க நாணயச் சேகரிப்புகளைப் பதிப்பிப்பதற்காக, 1931இல் பிரிட்டனில் முதல் தொகுதி வெளியான ‘சில்லோகே’ வரிசை, விளக்கத்தை நறுக்கிவிட்டுப் படங்களையே முதன்மையாக்கியது. பளபளப்பை விலக்கிய படங்கள் ஆதாரமாக நிற்கும் என்ற நம்பிக்கை இல்லாமல் அப்படியொரு திட்டம் எழுந்திருக்காது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. வார்ப்பைப் பயன்படுத்தியது போக்குவரத்துக் காரணத்தால், பளபளப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது. பாரிஸ் காசும் பெர்லின் காசும் லண்டன் காசும் ஒரே மேசைக்கு வராது. சாந்து வில்லைகள் தபாலில் வரும். கேமரா பிறப்பதற்கு முன்பே பாரிசில் மியோன்னே கந்தகத்தில் வார்த்த காசுப் படிகளை ஆயிரக்கணக்கில் விற்றிருக்கிறார். உண்மைதான். ஆனால் இந்தக் காரணம் மட்டும் இருந்தால், காசும் கேமராவும் ஒரே கட்டடத்தில் இருக்கும் இடத்திலாவது நேராகக் காசைப் படமெடுத்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. பிரிட்டிஷ் மியூசியத்தின் பட்டியல்களுக்கு அதன் சொந்தக் காசுகளே வார்ப்பாகித்தான் படமாயின. தன் கிடங்கிலுள்ள காசை விற்க வந்த ஏல நிறுவனமும், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி கடந்தும், பட்டியலில் வார்ப்பையே போட்டது. காசைக் காட்டி விற்க வேண்டியவரே காசின் பளபளப்பை மறைத்தார் என்றால், வாங்குபவரும் அதை வேண்டாததாகக் கருதினார் என்றுதான் கொள்ள வேண்டும்.

இரண்டாவது மறுப்பு, சாந்து காசின் வாழ்க்கையைத் துடைத்துவிடுகிறது என்பது. இதற்கு நம் பக்கத்துச் சான்று ஒன்றே பதில் தரும், பாதி பதிலாவது. புதுக்கோட்டைச் சீமையில் 1898இல் 501 ரோமானியப் பொற்காசுகள் கொண்ட புதையல் கிடைத்தது. அவற்றில் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் தலைமேல் உளியால் வெட்டியிருந்தார்கள். பின்னாளில் பிரிட்டிஷ் மியூசியத்தின் இயக்குநரான ஜார்ஜ் ஹில் அவற்றை ஆராய்ந்து எழுதினார். ஏன் வெட்டினார்கள், புழக்கத்திலிருந்து விலக்கவா, வேறு எதற்காகவா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. வெட்டு ஒரு பள்ளம். பள்ளத்தைச் சாந்து விடாது பிடிக்கும், பொன்னின் மினுக்கில் தவறிப்போகக்கூடிய அதன் ஆழத்தையும் சாய்வையும்கூடக் காட்டும். ஆக, காசின் வாழ்க்கையில் உளி, சுத்தியல், தேய்மானம் எழுதிய பகுதி முழுவதும் சாந்தில் இருக்கிறது. இல்லாமல் போவது காற்றும் மண்ணும் மனிதரின் துடைப்பும் எழுதிய பகுதி: வெட்டுக்குள் பழைய மண் அடைந்திருக்கிறதா, வெள்ளியின் கருமை இயல்பாகப் படிந்ததா, செம்பின் களிம்பு மேலே பூசியதா, முலாம் உரிந்து அடியில் வேறு உலோகம் எட்டிப்பார்க்கிறதா. போலிக்காசு செய்பவருக்கு இது வசதி. நல்ல வார்ப்புப் போலியைச் சாந்தில் எடுத்துப் படம்பிடித்தால் அதுவும் அசலின் பெருமையோடு பலகையில் உட்கார்ந்துகொள்ளும். சாந்து முறையின் இந்தக் குறையை மூடி மறைக்க வேண்டியதில்லை. அதைப் பயன்படுத்தியவர்கள் எடையையும் உலோகத்தையும் பக்கத்தில் எழுத்தால் குறித்தது அந்தக் குறை தெரிந்துதான்.

சேகரிப்பாளர்களின் உலகம் இதற்கு நேரெதிர்த் திசையில் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்க நாணயச்சாலை 1908 முதல் பொற்காசுகளுக்குக் கண்ணாடி மெருகை விட்டுவிட்டு, பெரும்பாலும் மணல் ஊதி மங்கலாக்கிய புரூஃப்களைத் தந்தது. அக்காலப் புதிய வடிவங்களின் வளைந்த தளங்களுக்கு மெருகு ஒத்துவரவில்லை. சிற்பக் கண்ணோடு பார்த்தால் அந்தக் காசுகள் அழகானவை. வாங்குபவர்கள் முகம் சுளித்தார்கள். 1916உடன் புரூஃப் அடிப்பதே நின்றது. 1936இல் மறுபடி தொடங்கியபோது முதலில் வந்த காசுகள் பட்டுப்போல் மங்கலாக இருந்தன. முணுமுணுப்பு எழ, அதே ஆண்டிலேயே கண்ணாடி மெருகு திரும்பிவிட்டது. பிரிட்டனில் 1902இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டுப் புரூஃப்களும் மங்கலாக்கப்பட்டவையே. இதைவிடச் சுவையானது ஒன்று உண்டு. 20ஆம் நூற்றாண்டு நடுப்பகுதியின் பிரிட்டிஷ் காசுகளில் சிலவற்றை, மணல் ஊதிய அச்சுகளால், மிகச் சிலவே அடித்திருக்கிறார்கள். படமெடுக்கும்போது மின்னாமல் இருப்பதற்காகச் செய்தவை என்றே ஏலப் பட்டியல்கள் அவற்றை அறிமுகப்படுத்துகின்றன. கேமராவுக்காக உலோகமே சாந்து வேஷம் போட்டிருக்கிறது. அந்த வேஷத்துக்கு இன்று விலை எக்கச்சக்கம் என்பது தனிக் கதை.

நேராகக் காசையே படமெடுக்கும் வழக்கம் வலுப்பெற்றது இரண்டாம் உலகப் போருக்குப் பின்புதான். முதலில் தாவரவியலாளராக இருந்த மியூனிக்கின் மாக்ஸ் ஹிர்மர் எடுத்த பெரிதாக்கிய படங்களோடு காலின் கிரேயின் கிரேக்க நாணய நூல் 1966இல் வந்தபோது, விரல்நகம் அளவுள்ள வெள்ளி, கோயில் சிற்பம்போல் பக்கத்தை நிறைத்தது. 1981இல் ஜெரால்ட் ஹோபர்மன் காசுகளையும் அவற்றைப் படமெடுக்கும் கலையையும் சேர்த்தே ஒரு நூலாக்கினார். கண்ணாடித் தளத்துக்கு விடையாக ஆக்சியல் ஒளி கைக்கு வந்தது. லென்சுக்கும் காசுக்கும் நடுவே ஒரு மெல்லிய கண்ணாடியை 45 பாகையில் சாய்த்து வைத்து, பக்கவாட்டு விளக்கின் ஒளியை அதில் பட்டு நேர் கீழே விழச் செய்வது. தட்டையான தளம் அந்த ஒளியை அப்படியே மேலே திருப்பி அனுப்பும், வெளுக்கும். சரிந்த புடைப்பின் ஒளி வேறெங்கோ போகும், இருளும். கண்ணாடியை எடுத்துவிட்டுப் பக்கவாட்டில் விளக்கை வைத்தால் எல்லாம் தலைகீழ்: மங்கலாக்கிய முகம் வெளுத்து ஒளிர, தளம் மைபோல் கறுக்கும். இன்று புரூஃப் காசு விற்பனையில் நாம் காணும் படம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக 2010ஆம் ஆண்டிட்டு மும்பை நாணயச்சாலை அடித்த 1000 ரூபாய்க் காசை இப்படி எடுத்தால் விமானம் நள்ளிரவு வானத்தில் நிற்கும். ஆக்சியல் ஒளியில் எடுத்தால் அதே விமானம் பட்டப்பகல் வெள்ளையில் கறுத்து நிற்கும். காசு ஒன்றுதான். எந்தப் படம் உண்மை என்று கேட்டால், சாய்த்துப் பார்க்கும் கைக்கு இரண்டும் கணநேரம் உண்மை என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது.

அப்படியானால் பளபளப்பைக் காட்டுவது வெறும் வியாபார ஜாலமா? சந்தையை அவ்வளவு எளிதாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் முடியாது. 1949இல் வில்லியம் ஷெல்டன் அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக வகுத்த 1 முதல் 70 வரையிலான தர அளவு, 1986க்குப் பின் பிளாஸ்டிக் பெட்டியில் முத்திரையிட்டுத் தரும் நிறுவனங்களின் கையில் பெரும்பாலான காசுகளுக்கும் பொதுவானது. 69க்கும் 70க்கும் நடுவே இருப்பது புடைப்பின் வேறுபாடு அல்ல. துணியால் துடைத்த ஒரு மயிரிழைக் கீறல். அந்தக் கீறலைச் சாந்து காட்டவே காட்டாது. ஒளியைச் சுழற்றினால்தான் ஒரு கணம் மின்னி மறையும். ஆகவே மினுக்கும் ஒரு தகவல்தான், மேற்பரப்பின் தகவல். ஆனால் ஒற்றைப் படத்தில் அதைக் காட்டவும் முடியும், ஒளிக்கவும் முடியும். விளக்கை ஓர் அங்குலம் நகர்த்தினால் கீறல் போய்விடும். சாந்துப் படம் விட்டுவிடுவது எது என்று முன்கூட்டியே தெரியும், எல்லாக் காசுக்கும் ஒரே மாதிரி விடும். பளபளப்புப் படம் எதை விட்டது என்பது எடுத்தவருக்கு மட்டுமே தெரியும். ஆராய்ச்சிக்காரர்கள் முன்னதை நம்பியதற்கும், விற்பவர்களுக்குப் பின்னது பிடித்துப்போனதற்கும் இந்த வேறுபாடு போதும்.

அண்மைக் காலத்தில் இந்தக் கதை எதிர்பாராத பக்கம் திரும்பியிருக்கிறது. எச்.பி. ஆய்வகத்தின் டாம் மால்ஸ்பெண்டரும் அவருடைய குழுவும் 2001இல் வெளியிட்ட முறையில், கேமரா அசையாமல் நிற்க, விளக்கு மட்டும் இடம் மாறி மாறிப் பல படங்கள் எடுக்கப்படுகின்றன. கணினி அவற்றைச் சேர்த்து, பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கணக்கிடுகிறது. பார்ப்பவர் திரையில் விளக்கைத் தன் விருப்பப்படி நகர்த்தலாம். அதிலுள்ள ஒரு வசதி, பொருளின் நிறத்தை அகற்றிவிட்டு அதன்மேல் செயற்கையாக உலோக மினுக்கை ஏற்றுவது. மங்கலான களிமண் பலகையும் தேய்ந்துபோன காசும் அப்போது மெருகிட்ட வெள்ளிபோல் மின்னும், மறைந்த எழுத்தின் விளிம்பு அந்த மினுக்கில் மேலெழும். விளக்கு எங்கே இருந்தது என்பதைக் கணினிக்குச் சொல்வதற்காக, காசுக்குப் பக்கத்தில் கறுத்துப் பளபளக்கும் சிறு உருண்டை ஒன்றை வைப்பது இம்முறையின் பிற்கால வழக்கம். ஒவ்வொரு படத்திலும் அதன்மேல் ஒரு வெண்புள்ளி விழுகிறது. அந்தப் புள்ளி நிற்கும் இடத்தை வைத்துத்தான் கணக்கு முழுவதும் நடக்கிறது.